ஆக்குபேஷனல் தெரபியில் ஆராய்ச்சி: ‘பலன் இல்லை’ என்று சொல்லக் கற்ற துறை

கேள்வி இது: “ஆக்குபேஷனல் தெரபி இறுதியாண்டு படிக்கிறேன். பிசியோதெரபி படிக்கும் நண்பர்கள் ‘உங்கள் துறைக்கு ஆதாரம் எங்கே?’ என்று கிண்டல் செய்கிறார்கள். எங்கள் ஆசிரியர்களோ ஆராய்ச்சி பிரமாதமாக வளர்ந்துவிட்டது என்கிறார்கள். எது உண்மை? நான் ஆராய்ச்சிப் பக்கம் போகலாமா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் இருக்கிறது, ஆனால் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் நல்ல கனம், சில இடங்களில் வெறும் நம்பிக்கை. ஆசிரியர்கள் சொல்லும் வளர்ச்சியும் நிஜம்தான். ஆனால் அதைக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து அளந்தால் தப்பாகப் போகும். என்னைக் கேட்டால், பெரிய ஆய்வு நடத்தி, ‘நாங்கள் கொடுத்த சிகிச்சை இங்கே பலன் தரவில்லை’ என்று தெரிந்ததும் அதை மறைக்காமல் அச்சிடத் தொடங்கினோமே, அதைத்தான் வளர்ச்சி என்பேன். ஏன் என்று விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெயரிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்றதும் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைப்பவர்கள் ஏராளம். நான் தமிழ் இலக்கணத்தை வைத்து விளக்குவது வழக்கம். பள்ளியில் தொழிற்பெயர் படித்திருப்போம்: உண்ணல், குளித்தல், நடத்தல், எழுதுதல், ஆடுதல். அங்கே தொழில் என்றால் சம்பள வேலை இல்லை, செயல். நம் துறையின் ‘தொழில்’ அதுதான். ஒரு மனிதரின் நாளில் உள்ள தொழிற்பெயர்களில் எவை நோயால் அறுந்துபோயின, அவற்றை எப்படி மீட்பது என்பதே நம் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆராய்ச்சியின் சிக்கல் முழுவதும் இங்கேதான் முளைக்கிறது. முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பது சுலபம். ‘குளித்தல்’ எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்பதை எதை வைத்து அளப்பது?

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஆறு பேர் கூடி இந்தத் துறைக்கு முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டம் நடந்த வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோய், காலில் அறுவை சிகிச்சை, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பு என்று எல்லாவற்றையும் பார்த்து, கைவேலை செய்தே தன்னை மீட்டுக்கொண்டவர். கூட வந்தவர்களில் வில்லியம் ரஷ் டன்டன் மனநல மருத்துவர், எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப்பணி பின்னணி கொண்டவர், சூசன் காக்ஸ் ஜான்சன் கைவினை ஆசிரியை. அந்தச் சங்கத்தின் சாசனத்தில் ஒரு நோக்கம் எழுதியிருந்தார்கள்: செயல்பாடு மனிதர்மேல் ஏற்படுத்தும் விளைவை ஆராய்வது. ஆக, ஆராய்ச்சி நமக்குப் பின்னால் ஒட்டவைத்த சமாசாரம் இல்லை, முதல் நாளிலேயே ஒப்புக்கொண்ட கடன். அதைத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று என்பதுதான் வேதனை.

ஏன் அவ்வளவு தாமதம்? ஆரம்பக் காலத்தில் எழுதியவை பெரும்பாலும் கருத்துகளும் அனுபவங்களும். 1922இல் அடால்ஃப் மையர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் இவற்றின் தாளத்தில்தான் மன ஆரோக்கியம் இருக்கிறது என்றது. அழகான சிந்தனை, இன்றும் நம் கோட்பாடுகள் அதைச் சுற்றியே நிற்கின்றன. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அதில் வழி இல்லை. அப்புறம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் மருத்துவம் எண்களில் பேசத் தொடங்கியது. நாமும் எண்களுக்குப் போனோம், ஆனால் கடன் வாங்கிய எண்களுக்கு. மூட்டுக் கோணம், தசை வலிமை, பிடியின் இறுக்கம். நெசவுத்தறிகூடத் தோளை எத்தனை டிகிரி தூக்க வைக்கிறது என்ற கணக்கில் பார்க்கப்பட்டது. செயல் போய்விட்டது, உறுப்பு மட்டும் மிஞ்சியது.

அதற்கு எதிராக 1961இல் மேரி ரைலி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மனமும் விருப்பமும் தரும் ஆற்றலோடு தன் கைகளைப் பயன்படுத்தும் மனிதர், தன் உடல்நிலையைத் தானே மாற்றிக்கொள்ள முடியும் என்பது அவருடைய கருத்து. எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி இது. எனக்கு அதைவிடப் பிடித்தது, அதை அவர் ஒரு கருதுகோள் என்றே அழைத்தது. உரையின் தலைப்பிலும் ஆக்குபேஷனல் தெரபி மருத்துவத்தின் மாபெரும் சிந்தனைகளில் ஒன்றாக ‘இருக்கக்கூடும்’ என்றுதான் இருக்கிறது. நிரூபித்துக் காட்டுங்கள் என்று துறைக்கே விட்ட சவால் அது.

சவாலை ஏற்றவர்களில் முதலிடம் ஜீன் அயர்ஸுக்கு. கற்றல் சிரமம் உள்ள குழந்தைகளைப் பார்த்து, புலன்களிலிருந்து வரும் தகவல்களை மூளை ஒழுங்குபடுத்துவதில் சிக்கல் இருக்கலாம் என்று ஊகித்தார். ஊகத்தோடு நிற்காமல் சோதனைகளை வடிவமைத்தார், மதிப்பெண்களைக் காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்தெந்த மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் கணக்குமுறை) உட்படுத்தினார், தரவு வேறு மாதிரி சொன்னபோது தன் கோட்பாட்டைத் திருத்தினார். அவருடைய முக்கியமான நூல் 1972இல் வந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் நம் துறையில் ஆராய்ச்சியாளர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியவர் அவர்தான்.

அடுத்த சில பத்தாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1965இல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குத் துணைநிற்க ஒரு அறக்கட்டளை, 1980இல் கேரி கீல்ஹாஃப்னர் குழுவினரின் ‘மனிதச் செயல்பாட்டு மாதிரி’ என்ற கோட்பாடு, அடுத்த ஆண்டே ஆராய்ச்சிக்கென்று தனி இதழ், 1989இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ‘செயல்பாட்டு அறிவியல்’ என்ற புதிய பெயரில் முனைவர் படிப்பு. கடைசியாகச் சொன்னதன் பின்னால் எலிசபெத் யெர்க்ஸா இருந்தார். சிகிச்சைக்கு முன்னால் செயல்பாடு என்றால் என்ன என்பதையே ஒரு அறிவியலாகப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அப்போது இதைக் கேலி செய்தவர்கள் உண்டு.

என் பார்வையில் இதைவிடப் பெரிய திருப்பம் 1991இல் வந்தது. கனடாவில் உருவான ஒரு அளவுகோல், ‘கனேடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர்’, சுருக்கமாக சிஓபிஎம். அதுவரை நாம் நம்பியிருந்த அளவுகோல்கள் எல்லாம் ஒரே பட்டியலை எல்லோருக்கும் நீட்டின. 1965இல் வெளியான பார்த்தல் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது, கழிவறை என்று பத்து விஷயங்கள். நல்ல அளவுகோல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கவாதம் வந்த ஒரு வயலின் ஆசிரியர் இதில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, வாழ்க்கையே போய்விட்டது என்று உட்கார்ந்திருக்க முடியும். சிஓபிஎம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. உங்களுக்கு எது முக்கியம், அதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று நோயாளியையே கேட்டு, 10க்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. சில மாதம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருந்தாலும், ‘குளித்தல்’ திரும்பி வந்ததா என்பதற்குக் கிடைத்த முதல் நேர்மையான எண் அது என்பேன்.

சரி, இனி சோதனைகளுக்கு வருவோம். நண்பர்களிடம் சொல்ல உங்களுக்கு உதாரணம் வேண்டும் அல்லவா?

1997இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஃப்ளாரன்ஸ் கிளார்க் குழுவினரின் ஆய்வு வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் தனியாக வாழக்கூடிய நிலையில் இருந்த 361 முதியவர்கள். குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு ஒன்பது மாதம் ஆக்குபேஷனல் தெரபி. இன்னொரு குழுவுக்குச் சினிமா, ஆட்டம், வெளியே கூட்டிப்போவது என்று பொழுதுபோக்குகள், நடத்தியவர்கள் தெரபிஸ்டுகள் இல்லை. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. இந்த இரண்டாவது குழுதான் ஆய்வின் உயிர்நாடி. ‘வயசானவர்களை ஏதோ ஒன்றில் ஈடுபடுத்தி வைத்தால் போதும், அதற்கு எதற்குத் தெரபிஸ்ட்?’ என்று நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை அவர்கள் ஆய்வுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். முடிவில் தெரபி பெற்றவர்கள் உடல்நலம், செயல்திறன், வாழ்க்கைத் தரம் பற்றிய பல அளவுகளில் மேலே இருந்தார்கள். பொழுதுபோக்குக் குழுவுக்கும் எதுவும் பெறாத குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வெறுமனே கை கால்களை ஓயாமல் வைத்திருப்பது வேறு, தன் நாளைத் தானே யோசித்துத் திருத்தி அமைப்பது வேறு என்று ஆயிற்று.

பல பாடப்புத்தகங்கள் இங்கே நிறுத்திவிடும். நீங்கள் நிறுத்தாதீர்கள். இதே சிந்தனையில் பிரிட்டனில் உருவான திட்டத்தை 65 வயதுக்கு மேற்பட்ட 288 பேரிடம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மனநலனில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அங்கே சேர்ந்தவர்களில் பலருக்கு ஆரம்பத்திலேயே மனநலன் நன்றாக இருந்தது. நன்றாக இருப்பவரை இன்னும் நன்றாக ஆக்குவது கஷ்டம், அதை அளப்பது அதைவிடக் கஷ்டம்.

பக்கவாதத்தில் கதை இன்னும் சுவாரசியமானது. ஒன்பது சோதனைகளில் பங்கேற்ற 1,258 நோயாளிகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அன்றாடச் செயல்களைக் குறிவைத்த ஆக்குபேஷனல் தெரபி பலன் தருகிறது, நிலை மோசமாகும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது முடிவு. நம் துறைக்கு வலுவான தூண் இது. பத்து வருடம் கழித்து அதே கேள்வியைப் புதுப்பித்துப் பார்த்தவர்கள், பலன் இருக்கிறது, ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்று அடக்கி வாசித்தார்கள்.

இடையில் 2015இல் ஒரு பெரிய அடி. பிரிட்டனில் 228 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பக்கவாதம் வந்து வாழும் 1,042 பேரிடம் மூன்று மாதத் தெரபியைச் சோதித்தார்கள். பலன் இல்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மிகக் கடுமையான இயலாமையோடு இருந்தவர்கள். வீட்டில் வாழ்பவருக்குப் பலிக்கும் ஒன்று, எல்லாவற்றையும் பணியாளர்களே செய்துகொடுக்கும் இடத்தில் பலிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சட்டை பட்டன் போடப் பழக்கிவிட்டு வந்தால், மறுநாள் காலை அவசரத்தில் இருக்கும் உதவியாளர் போட்டுவிட்டுப் போய்விடுவார். பயிற்சி நிலைக்க இடம் எங்கே?

அடுத்த ஆண்டே ஐகேர் என்ற அமெரிக்க ஆய்வு. தற்செயலாக இதிலும் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை அதே 361! பக்கவாதத்துக்குப் பின் கை இயக்கத்துக்காக நன்கு திட்டமிட்ட புதிய பயிற்சி ஒரு குழுவுக்கு, அதே அளவு நேரம் வழக்கமான ஆக்குபேஷனல் தெரபி இன்னொரு குழுவுக்கு, வழக்கம்போல் கிடைக்கும் குறைந்த அளவுத் தெரபி மூன்றாவது குழுவுக்கு. முதல் இரண்டு குழுவுக்கும் 30 மணி நேரம் திட்டம், மூன்றாவது குழு சராசரியாகப் பெற்றது சுமார் 11 மணி நேரம். ஒரு வருடம் கழித்துக் கையின் இயக்கத்தில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லோருமே முன்னேறியிருந்தார்கள், யாரும் யாரையும் முந்தவில்லை. ‘அதிக மணி நேரம் கொடுத்தால் அதிகப் பலன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தோம். அந்த வாய்க்கு ஒரு பூட்டு.

டிமென்ஷியாவில் (மறதி நோய்) நடந்தது இன்னும் கூர்மையான பாடம். நெதர்லாந்தில் 135 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் சேர்த்து நடத்திய ஆய்வு, 2006. ஐந்து வாரத்தில் பத்து வீட்டு அமர்வுகள். அன்றாடச் செயல்திறனில் வியக்கத்தக்க முன்னேற்றம். உடனே ஜெர்மனியில் அதையே செய்தார்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒரே ஒரு ஆலோசனை அமர்வு கொடுத்து. வித்தியாசம் வரவில்லை. பிரிட்டனில் நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 468 ஜோடிகளிடம் தங்கள் நாட்டுக்கு ஏற்ப மாற்றிச் செய்து 2021இல் வெளியிட்டார்கள். அங்கேயும் வரவில்லை.

இதைப் படித்ததும் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்தால் நம் சிகிச்சையின் இயல்பே இதில் தெரிகிறது. மாத்திரை எந்த நாட்டில் விழுங்கினாலும் அதே மாத்திரை. நம் சிகிச்சை அப்படி இல்லை. அது தெரபிஸ்டின் அனுபவத்தில், வீட்டின் அமைப்பில், உடன் இருப்பவர் ஒத்துழைப்பதில் கரைந்திருக்கிறது. அது மட்டும் இல்லாமல், ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைக்கும் ‘வழக்கமான கவனிப்பு’ நாட்டுக்கு நாடு வேறு. அது ஏற்கனவே நன்றாக இருந்தால் நாம் கூடுதலாகக் கொடுப்பது எடுபடாது. இவை எல்லாம் சாக்கு போலவும் தோன்றும், ஒத்துக்கொள்கிறேன். சாக்கா காரணமா என்று பிரித்துக் காட்டுவதுதான் அடுத்த தலைமுறை ஆராய்ச்சியின் வேலை.

இப்போது அயர்ஸ் விஷயம். ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் 2014இல் வெளியான ஆய்வு, அவருடைய கோட்பாட்டிலிருந்து வளர்ந்த சென்சரி இன்டக்ரேஷன் (புலன் ஒருங்கிணைப்பு) சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் தனிப்பட்ட இலக்குகளில் நன்றாக முன்னேறினார்கள் என்றது. 138 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, எரிச்சலும் படபடப்பும் குறையவில்லை என்றது. இரண்டும் எதிரெதிர் போலத் தெரிகிறது. ஆனால் ஒன்று குடும்பத்தோடு சேர்ந்து குறித்த இலக்கை அளந்தது, இன்னொன்று நடத்தையை. எதை அளக்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும். பெரிய ஆய்வு சொல்வதற்கு எடை அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தச் சிகிச்சை எல்லாக் குழந்தைக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள், நம் துறைக்காரர்களாகவே இருந்தாலும்.

நம் பக்கத்துத் தவறு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் அமெரிக்க மருத்துவமனைகளின் செலவுக் கணக்கை அலசிய ஒரு ஆய்வு வந்தது. ஆக்குபேஷனல் தெரபிக்கு அதிகம் செலவிடும் மருத்துவமனைகளில், இதயச் செயலிழப்பு, நிமோனியா, மாரடைப்பு மூன்றிலும் நோயாளிகள் மறுபடி அனுமதிக்கப்படுவது குறைவாக இருந்தது. அவர்கள் பார்த்த செலவு வகைகளில் இப்படிக் காட்டியது இது ஒன்றுதான். அப்புறம் கேட்க வேண்டுமா, ‘மறு அனுமதியைக் குறைப்பது நாங்களே’ என்று எல்லா மேடையிலும் முழங்கினோம். அது ஒரு தொடர்பு மட்டுமே. தெரபிக்குச் செலவிடும் மருத்துவமனை வேறு பல விஷயங்களிலும் நல்ல மருத்துவமனையாக இருக்கலாம் அல்லவா? பிடித்த முடிவு என்றால் தளர்வாகவும், பிடிக்காத முடிவு என்றால் கறாராகவும் கேள்வி கேட்கும் பழக்கம் போனால்தான் நண்பர்களின் கிண்டலுக்குப் பதில் சொல்லும் உரிமை வரும்.

வளர்ச்சி எந்தப் பக்கம் போகிறது? எனக்கு நம்பிக்கை தருவது கேபபிள் போன்ற திட்டங்கள். ஒரு செவிலியர், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வீட்டைப் பழுதுபார்க்கும் ஒருவர், மூவரும் சேர்ந்து முதியவரின் வீட்டுக்குப் போகிறார்கள். அவர் எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி கைப்பிடி பொருத்துவது முதல் மருந்தைச் சீராக்குவது வரை செய்கிறார்கள். பால்டிமோரில் 300 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான சோதனையில், ஐந்து மாதத்தில் அன்றாடச் செயல்களில் சிரமம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்தது. ஒரு வருடத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. மாற்றியது ஆளை மட்டும் இல்லை, வீட்டையும். நம் கோட்பாடு எப்போதும் சொல்லிவந்தது இதைத்தான், இப்போதுதான் ஒழுங்காகச் சோதிக்கிறோம்.

குறைபாடு எங்கே என்றால், ஆய்வுகள் வரும் இடம். உலகக் கூட்டமைப்பு 1952இல் பத்து நாடுகளோடு தொடங்கியது, இன்று உறுப்பு அமைப்புகள் நூறைத் தாண்டிவிட்டன. ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஸ்காண்டிநேவியா பக்கமிருந்துதான். பக்கவாத மறுவாழ்வில் தைவான் நல்ல விதிவிலக்கு. தானே எல்லாம் செய்துகொள்வதுதான் உயர்ந்த இலக்கு என்ற மேற்கத்திய எண்ணம் நம் கோட்பாடுகளிலும் அளவுகோல்களிலும் ஊறியிருக்கிறது. ஜப்பானியப் பின்னணியில் உருவான ‘காவா’ என்ற கோட்பாட்டு மாதிரி இதைக் கேள்வி கேட்டது. வாழ்க்கையை ஆறாகவும், தடைகளைப் பாறைகளாகவும், சூழலைக் கரைகளாகவும் பார்க்கிறது. ஆற்றைக் கரையிலிருந்து பிரிக்க முடியாதது போல ஆளையும் சுற்றத்திலிருந்து பிரிக்க முடியாது என்பது அதன் வாதம். ஆனால் இதன் அடிப்படையில் செய்த பெரிய சோதனைகள் அரிது. 2019இல் உலகில் சுமார் 241 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை பயன்பட்டிருக்கும் என்று ‘லான்செட்’ மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அவர்களில் பெரும்பகுதியினர் வாழும் இடங்களிலிருந்து நமக்கு ஆய்வு மிகக் குறைவு.

ஆகவே, ஆராய்ச்சிக்குப் போகலாமா என்றால், போங்கள். ஆனால் ‘நம் துறை பயனுள்ளது என்று நிரூபிக்கப் போகிறேன்’ என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். யாருக்கு, எந்தச் சூழலில், எவ்வளவு, எதுவரை என்று கேட்கப் போங்கள். முனைவர் பட்டத்துக்குக் காத்திருக்கத் தேவை இல்லை. பயிற்சிக்காலத்தில் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே அவருக்கு முக்கியமான மூன்று செயல்களைக் கேட்டு மதிப்பெண்ணோடு எழுதி வையுங்கள், அனுப்பும் நாளில் மறுபடி கேளுங்கள். மதிப்பெண் ஏறாதவர்களின் தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் முதல் ஆய்வுக் கேள்வி அந்தத் தாள்கட்டுக்குள்தான் இருக்கும்.